போக்குக் காட்டுவது எப்படி? பர்லெஸ்க் மேடையும் ஒரு வெள்ளைக் கையுறையும்

மாடிவீட்டு மைனா | சனி, இரவு 11:52

லண்டனில் இருக்கிறேன். அலுவலகத் தோழிக்குப் பிறந்தநாள் என்று நேற்று சோஹோ பக்கம் ஒரு பர்லெஸ்க் நிகழ்ச்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். உடையைக் கழற்றுகிற ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்கவேண்டுமா என்ற சங்கடத்தோடுதான் போனேன். அம்மா போனில் கேட்டால் நாடகம் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம் என்று பதில்கூடத் தயார்.

நான்காவதாக வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பச்சை சாட்டின் கவுன், முழங்கைக்கு மேலே வரை ஏறிய வெள்ளைக் கையுறை. வந்து நின்றார். எங்களைப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, அவர் அசையவே இல்லை. அப்புறம் இடக்கைச் சுண்டுவிரல் நுனியைப் பிடித்து மெல்ல ஒரு இழுப்பு. விரல் நுனியில் துணி அரை அங்குலம் தொங்கியது. மறுபடி எங்களைப் பார்த்தார். அடுத்தது மோதிர விரல். அதற்கடுத்த விரலைத் தொட்டவர், 'ம்ஹூம், உங்களுக்கு இது போதும்' என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, இழுத்த துணியைத் திரும்ப விரலில் ஏற்றிவிட்டார்!

கூட்டம் அலறியது. நானும் அலறினேன். கையுறைங்க. குளிர்காலத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தினமும் கழற்றுகிற அதே கையுறை.

இரண்டாவது கையுறை தரையில் விழுந்ததும் விளக்கு அணைந்தது. கவுனில் ஒரு கொக்கிகூட அவிழவில்லை. அன்றைக்கு அதிகக் கைத்தட்டல் அவருக்குத்தான்.

இது என்ன வித்தை? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே இன்னொன்று: 'டீஸ்' என்பதற்குத் தமிழில் என்ன வார்த்தை? சீண்டல் என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

கட்டைவண்டி | ஞாயிறு, காலை 7:15

இந்த வித்தையை எங்கள் ஊர்ப் புடவைக்கடைக்காரர் நாற்பது வருஷமாகச் செய்கிறார். இருபது புடவையைப் பிரித்துப் போடுவார். கடைசியாக ஒன்றை எடுத்து ஓரத்தை மட்டும் காட்டி, "இது வேண்டாம்மா, விலை ஜாஸ்தி" என்று மடித்து உள்ளே வைத்துவிடுவார். என் மனைவி வாங்கி வருவது அந்தப் புடவையைத்தான்.

பழையபேப்பர் | ஞாயிறு, காலை 9:40

கட்டைவண்டி விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான்.

வார்த்தை கேட்டீர்கள். நம்மிடம் 'போக்குக் காட்டுதல்' இருக்கிறதே. கன்றுக்குட்டி பிடிக்கப் போனால் இந்தப் பக்கம் வருவதுபோல் வந்து அந்தப் பக்கம் ஓடும். அகப்படுவதுபோல் இருக்கும், அகப்படாது. சீண்டலில் கொஞ்சம் வம்பு இருக்கிறது. போக்குக் காட்டுவதில் விளையாட்டு இருக்கிறது.

பர்லெஸ்க் என்ற சொல்லே கேலியிலிருந்து வந்ததுதான். இத்தாலிய மொழியில் 'புர்லா' என்றால் பரிகாசம். பெரிய காவியங்களையும் ஓப்பராக்களையும் நையாண்டி செய்யும் நாடகத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். 1868இல் லிடியா தாம்ப்சன் என்ற ஆங்கில நடிகை தன் குழுவோடு நியூயார்க் போய் இறங்கினார். கிரேக்கப் புராணக் கதை, ஆண் வேடமெல்லாம் பெண்களுக்கு, காலோடு ஒட்டிய டைட்ஸ், வரிக்கு வரி சிலேடை, நடப்பு அரசியல் கிண்டல். காலின் வடிவம் தெரிந்ததற்கே ஊர் இரண்டுபட்டது. என் கணிப்பில், காலைவிடப் பேச்சுதான் பலரை உறுத்தியது. ஒரு பெண் மேடையில் நின்று பார்வையாளரை நேராகப் பார்த்து நக்கலடிக்கிறாள் என்பதை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆடை களைவது இதற்குள் வந்தது பிற்பாடு. 1920களில் நியூயார்க்கின் மின்ஸ்கி சகோதரர்கள் நடத்திய அரங்குகளில்தான் அது கொடிகட்டிப் பறந்தது. பார்வையாளர்களுக்கு நடுவே நீளும் நடைமேடையைப் பாரிஸில் பார்த்துவிட்டு வந்து கட்டினார்கள். டிக்கெட் கவுண்டரில் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள் என்பார்கள். போலீஸ் உள்ளே வந்தால் அதை அழுத்துவார்கள், மேடையின் முன்விளக்குகளில் ஒன்று சிவப்பாக எரியும். ஆடுகிறவர் அடுத்த நொடியே பஜனைக்கு வந்தவர் மாதிரி நின்றுவிடுவார்.

அதே மேடையில்தான் நகைச்சுவைக் கலைஞர்களும் உருவானார்கள். அபட், காஸ்டெல்லோ ஜோடி பர்லெஸ்க்கில் பழகி வந்தவர்கள். இரண்டு காமெடிக்கு நடுவே ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டத்துக்கு நடுவே ஒரு காமெடி. நகைச்சுவைக்கும் இந்த ஆட்டத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: எப்போது சொல்லாமல் நிறுத்துவது என்று தெரியவேண்டும்.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, காலை 10:22

எல்லாம் சரி. 'கலை' என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். வேலையில்லாத காலத்தில், பசிக்காக உடை கழற்றியவர்கள் பலர். பார்க்க வந்தது ஆண்கள் கூட்டம், காசு போனது முதலாளிக்கு. நூறு வருஷம் கழித்து அதற்கு ஜமிக்கி ஒட்டி, டிக்கெட் விலையை ஏற்றி, கலை என்கிறோம்.

ஊசிநூல் | ஞாயிறு, மதியம் 1:05

மைனா, நீங்கள் பார்த்தது போன்ற கையுறைகளைத் தைப்பது என் வேலையில் ஒரு பகுதி. லண்டனில் மேடை உடை தைக்கிறேன், பத்து வருஷமாகிறது. என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பர்லெஸ்க் ஆடுகிறவர்கள். சந்தேகப்பிராணிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கையுறை.

அளவெடுத்த கையுறை வேண்டாம் என்பார்கள். விரல் பகுதி கால் அங்குலமாவது நீளமாக இருக்கவேண்டும், அப்போதுதான் நுனியைப் பிடித்து இழுக்க இடம் கிடைக்கும். வியர்த்தால் சாட்டின் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் போடும் முன் உள்ளே பவுடர். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தளர்த்திக்கொண்டே வருவது வெறும் அலங்காரம் இல்லை. எல்லா விரலும் தளர்ந்தால்தான் கடைசியில் ஒரே இழுப்பில் முழுக் கையுறையும் பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு விரலைத் தளர்த்த மறந்தால் அங்கே சிக்கும், ஆடுகிறவர் மாட்டுக்குப் பால் கறப்பதுபோல் இழுத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

பல்லால் கடித்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பற்களால் துணியின் நுனியை மட்டும் பிடிக்கவேண்டும், உதடு படக்கூடாது. பட்டால் வெள்ளைச் சாட்டினில் சிவப்புச் சாயம். பிறகு தலையைத் திருப்பக்கூடாது, கையைத்தான் விலக்கவேண்டும். தலையைத் திருப்பினால் நாய் துணியைப் பிடுங்குவது மாதிரி இருக்கும். கையை விலக்கினால் கண் பார்வையாளர் மேலேயே நிற்கும். முழு வித்தையும் அந்தக் கண்ணில்தான். 'நான் என்ன செய்யப் போகிறேன் என்று உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்' என்று அது சொல்லவேண்டும்.

உடையிலும் அப்படித்தான். ஜிப் வைக்க மாட்டோம், வைத்தாலும் பெரிய பல் உள்ள ஜிப்தான். வெல்க்ரோ போட்டால் 'பர்ர்' என்று சத்தம் வந்து காரியத்தைக் கெடுக்கும். கொக்கி, டிச் பட்டன், ரிப்பன் முடிச்சு இதெல்லாம்தான் நம்பகமானவை. கார்செட்டின் முன்பக்கக் கொக்கிகள் இறுக்கமாக இருக்கும்போது கழலாது. இரண்டு பக்கத்தையும் உள்ளுக்குத் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் கழலும். மேடையில் ஆழமாக மூச்சு வாங்கி நெளிவதைப் பார்த்து முன்வரிசைக்காரர் சொக்கிப்போயிருப்பார். அம்மணி கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

நான் தைத்த பாவாடை ஒன்று ஒருமுறை மானத்தை வாங்கிவிட்டது. பின்பக்க ரிப்பனைச் சுருக்கு முடிச்சாகப் போட்டுக் கொடுத்திருந்தேன். பின்னறை இருட்டில் யாரோ உதவி செய்கிறேன் என்று இன்னொரு முடிச்சும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். மேடையில் இழுக்கிறார், வரவில்லை. நான் ஓரத்தில் நின்று நகத்தைக் கடிக்கிறேன். அவர் பதறவே இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மாவிடம் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். பாட்டி கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, நிதானமாக முடிச்சை அவிழ்த்தார். அரங்கமே எழுந்து நின்றது. அதற்கப்புறம் சில நாள் வேண்டுமென்றே அந்த இரட்டை முடிச்சைப் போடச் சொன்னார். பாட்டிதான் ஒவ்வொரு நாளும் கிடைக்கவில்லை.

மாடிவீட்டு மைனா | ஞாயிறு, மதியம் 1:48

பாட்டி கதைக்கே இந்த இழையைத் தொடங்கியது தகும்.

ஒன்று உறைக்கிறது. அந்தக் கையுறை அம்மா துணியைத் திரும்ப ஏற்றிய இடத்தில்தான் நாங்கள் எல்லாரும் விழுந்தோம். கழற்றியபோது இல்லை.

பழையபேப்பர் | ஞாயிறு, மாலை 4:30

திரும்பப் போடுவது என்றதும் லிலி செயின்ட் சிர் ஞாபகம் வருகிறது. 1940, 50களில் மான்ட்ரியாலிலும் லாஸ் வேகாஸிலும் அவர்தான் ராணி. மேடையில் ஒரு குளியல் தொட்டி, நுரை, பணிப்பெண். தொட்டியிலிருந்து எழுந்து ஒவ்வொன்றாக உடுத்திக்கொண்டு போவார். தலைகீழ் ஆட்டம்! உடுத்த உடுத்தக் கூட்டத்துக்கு ஆவல் கூடும். 1951இல் ஹாலிவுட்டின் சிரோஸ் என்ற கேளிக்கை விடுதியில் ஆடியதற்கு ஆபாச வழக்கு போட்டார்கள். சினிமாக்காரர்களுக்கெல்லாம் வாதாடிய ஜெர்ரி கீஸ்லர்தான் வக்கீல். ஜூரி விடுதலை செய்துவிட்டது.

ஆனால் பேச்சாலேயே போக்குக் காட்டியவர் ஜிப்ஸி ரோஸ் லீ. இயற்பெயர் ரோஸ் லூயிஸ் ஹோவிக், பிறந்தது 1911இல் சியாட்டிலில். பெரிய நடனக்காரி என்று யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. மேடையில் நடப்பார், பேசுவார், நடுவில் ஏதாவது ஒன்றைக் கழற்றுவார். உடையைக் குண்டூசிகளால் பிணைத்திருப்பார். ஒவ்வொரு ஊசியாக எடுத்து இசைக்குழுவின் டியூபா என்ற பெரிய ஊதுகருவியின் வாய்க்குள் போடுவாராம், 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். யோசித்துப் பாருங்கள். கூட்டம் உடம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடுத்த 'டிங்' எப்போது என்று காது கொடுத்துக் காத்திருக்கும்.

1936இல் சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற பெரிய மேடை நிகழ்ச்சிக்குப் போனபோது ஒரு நீளமான பேச்சுப் பாட்டு செய்தார். ஆடும்போது இவள் மனதில் என்ன ஓடுகிறது என்று நினைக்கிறீர்கள், ஓவியமும் இலக்கியமும்தான் ஓடுகிறது என்று அடுக்கிக்கொண்டே போவார். அதன் ஒரு வடிவத்தை 1943இல் வந்த 'ஸ்டேஜ் டோர் கேன்டீன்' படத்தில் பார்க்கலாம். தணிக்கைக்கு உட்பட்ட சினிமா, அதனால் வெளியே தெரிவது சொற்பம். எனக்கு அந்தச் சொற்பத்தில்தான் அவருடைய திறமை முழுசாகத் தெரிந்தது. 1941இல் துப்பறியும் நாவலும் எழுதிவிட்டார், கதை நடப்பது பர்லெஸ்க் அரங்கத்தின் பின்னறையில்.

இன்னொரு வேடிக்கை. 1940இல் ஜார்ஜியா சதர்ன் என்ற ஆட்டக்காரர், எங்கள் தொழிலுக்குக் கொஞ்சம் கௌரவமான பெயர் வையுங்களேன் என்று பத்திரிகையாளர் மென்கனுக்கு எழுதினார். அவர் கிரேக்கத்தைப் புரட்டி, பாம்பு தோலுரிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'எக்டிசியாஸ்ட்' என்று ஒன்றைச் செய்து கொடுத்தார். கிரேக்கம் வரை போயிருக்கவே வேண்டாம். நாம் பாம்பு உரித்துப் போட்டதைச் 'சட்டை' என்றுதானே சொல்கிறோம்!

கட்டைவண்டி | ஞாயிறு, மாலை 4:41

டியூபா வாசிப்பவர் பாவம். ஊசியை யார் எடுப்பது?

ஒலிநாடா | ஞாயிறு, இரவு 8:10

டியூபா பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். டொரொண்டோவில் வாரக்கடைசிகளில் ஒரு ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். பர்லெஸ்க்குக்கு நாலைந்து தடவை போயிருக்கிறேன்.

முதல் தடவை நோட்டைப் பார்த்து வாசித்தேன். பாட்டு முடிந்ததும் குழுத் தலைவர் வந்து, "நோட்டை மூடு, இடுப்பைப் பார்" என்றார். நம்மூரில் கரகாட்டத்துக்குத் தவில்காரர் காலைப் பார்த்துத்தானே வாசிப்பார், அதே கதை. இடுப்பு முன்னால் வெட்டும்போது அதை 'பம்ப்' என்பார்கள், சுற்றினால் 'கிரைண்ட்'. பம்ப் விழும் அதே நொடியில் பேஸ் டிரம்மும் சிம்பலும் சேர்ந்து விழவேண்டும். முந்தினால் அசடு வழியும், பிந்தினால் செத்த பாம்பு.

நான் ஒருமுறை முந்திவிட்டேன். அவர் தோளை அசைக்கப் போவதுபோல் காட்டினார், நான் நம்பி அடித்துவிட்டேன், அவர் அசைக்கவில்லை. அதாவது எனக்கே போக்குக் காட்டிவிட்டார்! திரும்பி என்னைப் பார்த்து விரலை ஆட்டினார், கூட்டம் சிரித்தது. அப்புறம் மறுபடி தோளைத் தூக்குவதுபோல் காட்டினார். நான் குச்சியைத் தூக்கியபடியே காத்திருக்கிறேன். மொத்த அரங்கமும் என் குச்சியையே பார்க்கிறது. நாலு பீட், ஐந்து பீட்... காத்திருக்கும்போது என் காதில் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. கடைசியில் தோளை விட்டுவிட்டு ஒற்றைப் புருவத்தை உயர்த்தினார். அதற்கு அடித்தேன் பாருங்கள், சிம்பல் ஸ்டாண்டே சாய்ந்தது.

எல்லாருக்கும் தெரிந்த அந்த டிராம்போன் இழுப்புப் பாட்டு, 'தி ஸ்ட்ரிப்பர்', டேவிட் ரோஸ் போட்டது. 1958இல் சும்மா பதிவு செய்து வைத்தார்கள், 1962இல் இன்னொரு பாட்டு வந்த இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்ப அதை எடுத்துப் போட்டார்கள், மறுபக்கம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய்விட்டது. அதில் டிராம்போன் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நேராகப் போகாமல் வழுக்கிக்கொண்டு போகும். கையுறை வழுக்குவதும் அந்த மாதிரிதான்.

கூத்துப்பட்டி | திங்கள், காலை 6:50

இழையை இப்போதுதான் படித்தேன். எங்கள் பக்கம் தெருக்கூத்தில் துரியோதனன் வருகிறபோது இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து குரல் வரும், சலங்கை வரும், கிரீடத்தின் நுனி தெரியும், மறையும். ஆள் வெளியே வருவதற்குள் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடும். இதுவும் போக்குக் காட்டுவதுதானே?

மாடிவீட்டு மைனா | திங்கள், காலை 8:05

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துரியோதனன் உங்களைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லையே!

சந்தேகப்பிராணி | திங்கள், பகல் 12:20

எல்லாரும் ரசிக்கிறீர்கள், எனக்கும் பாட்டி கதை பிடித்திருந்தது. ஆனால் ஒருவரும் நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். டோனி எல்லிங் என்று டெட்ராய்ட்டைச் சேர்ந்த கறுப்பினப் பெண். டெலிபோன் கம்பெனியில் வேலை. கறுப்பினத்தவர் என்பதால் பதவி உயர்வு இல்லை. முப்பது வயதைத் தாண்டி, 1960 வாக்கில் இந்த மேடைக்கு வருகிறார். மேடைப் பெயரே நண்பரான ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டனை நினைத்து வைத்துக்கொண்டது. எல்லிங்டனே நண்பர் என்னும் அளவுக்கு நாகரிகமான கலைஞர். ஆனால் வெள்ளையர்களுக்குக் கிடைத்த சம்பளமும் கிடைக்கவில்லை, எல்லா அரங்குகளும் கதவைத் திறக்கவும் இல்லை. உங்கள் கண்சிமிட்டலும் கையுறையும் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

ஊசிநூல் | திங்கள், இரவு 9:33

நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன்.

அந்தக் காலத்தில் அரங்கமும் முதலாளி கையில், சம்பளமும் முதலாளி கையில். சட்டம் போலீஸ் கையில். ஆடுகிறவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்று, நேரம். எப்போது, எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை அவர்தான் தீர்மானித்தார். பார்க்க வந்தவன் காசு கொடுத்துவிட்டான், அதனால் அவசரம் அவனுக்கு. அவளுக்கு அவசரமே இல்லை. அது சின்ன அதிகாரம்தான், சம்பளப் பாக்கியைத் தீர்க்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றும் இல்லாத இடத்தில் அந்த ஒன்றை வைத்து அவர்கள் ஒரு தொழில்நுட்பத்தையே கட்டியிருக்கிறார்கள். அதைக் கலை என்று சொல்லக் கூசவேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இன்றைக்கு நிலைமை வேறு. 1990களில் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இது மறுபடி தளிர்த்தபோது ஆடுகிறவர்களே கதையை யோசித்து, உடை தைத்து, பாட்டுத் தேர்ந்தெடுத்து மேடையேறினார்கள். நான் வேலை செய்யும் அரங்குகளில் பார்வையாளர்களில் பெண்கள்தான் அதிகம். உடம்பும் ஒரே அச்சில் இல்லை. டர்ட்டி மார்ட்டினி என்ற பெயரில் ஆடுகிறவர் நல்ல பருமன். பாலே படித்தவர். 2004இல் இந்தத் துறையின் பெரிய பட்டத்தை வாங்கினார். ஆண்களும் ஆடுகிறார்கள், 2006இலிருந்து அவர்களுக்கும் பட்டம் உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் பகலில் வேறு வேலை. ஒருவர் என்னிடம் ஜமிக்கி பாக்கியை மூன்று தவணையில் கட்டுகிறார். பெரிய மார்ட்டினி கிண்ணத்துக்குள் குளிக்கும் டீட்டா வான் டீஸ் மாதிரி ஓரிருவர்தான் இதிலேயே பணக்காரர் ஆனவர்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆட்களுக்கே பிடிக்காது. 'நாங்கள் கலைஞர்கள், ஸ்ட்ரிப் கிளப்பில் ஆடுகிறவர்கள் வேறு' என்று மூக்கைத் தூக்குகிறவர்கள் இந்தத் துறையில் நிறைய. அந்தக் கர்வம் எனக்கு ஆகாது. பழைய ஜாம்பவான்களில் பலர் கடைசிக் காலத்தில் அந்தக் கிளப்புகளில்தான் ஆடிப் பிழைத்தார்கள். வித்தை அங்கேயும் உயிரோடுதான் இருந்தது.

சந்தேகப்பிராணி | திங்கள், இரவு 10:02

நேரம் என்று சொன்னதை யோசிக்கிறேன். முழுசாக ஏற்கவில்லை. முதலாளி அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் விற்றான்? மெதுவாக ஆடினால் அவனுக்குத்தான் லாபம்.

பழையபேப்பர் | செவ்வாய், காலை 7:20

லாபம் அவனுக்கும்தான். ஆனால் அந்த மெதுவை அவனால் செய்துகாட்ட முடியாது இல்லையா?

தடை போட்டவர்களால் வித்தை கூர்மையான கதை ஒன்று சொல்கிறேன். லண்டனில் விண்ட்மில் தியேட்டர், 1932இலிருந்து 1964 வரை. அன்றைக்கு நாடகத் தணிக்கை அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் கையில். நிர்வாணம் இருக்கலாம், ஆனால் அசையக்கூடாது, சிலை மாதிரி நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. அசைந்தால் ஆபாசம், நின்றால் சிற்பம்! நடத்தியவர் வான் டாம் லேசுப்பட்டவர் இல்லை. ஆடுகிறவரை இறகு விசிறிகளோடு சுற்றி நாலு பெண்கள் மறைத்தபடி ஆடுவார்கள். ஆட்டம் முழுவதும் விசிறிதான் தெரியும். கடைசி நொடியில் அவர் அசையாமல் நிற்க, விசிறிகள் விலகும், திரை விழும். சட்டமும் மீறவில்லை, கூட்டமும் ஏமாறவில்லை. உலகப்போரில் லண்டனில் குண்டு விழுந்த நாட்களில்கூட அங்கே ஆட்டம் நின்றதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் அப்படிச் சமரசம் நடக்கவில்லை. 1937இல் மேயர் லா கார்டியா காலத்தில் நியூயார்க்கின் பர்லெஸ்க் அரங்குகளுக்கு உரிமத்தைப் புதுப்பிக்காமல் இழுத்து மூடினார்கள். 'பர்லெஸ்க்' என்ற வார்த்தையையும் 'மின்ஸ்கி' என்ற பெயரையும் விளம்பரப் பலகையில் போடவே தடை.

மாடிவீட்டு மைனா | செவ்வாய், மாலை 6:15

விசிறி ஆட்டமும் அன்றைக்கு ஒன்று இருந்தது. இரண்டு பெரிய வெள்ளை விசிறிகள். எப்படித்தான் சமாளிக்கிறார்கள்? ஒரு நொடிகூட இடைவெளி தெரியவில்லை.

ஊசிநூல் | செவ்வாய், இரவு 8:47

நெருப்புக்கோழி இறகு. பார்க்கப் பஞ்சு மாதிரி, கையில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சும். காம்பு கனம், காற்று எதிர்த்துத் தள்ளும், மேடைக்கு நேராக ஏசி இருந்தால் தீர்ந்தது. ஒரே விதிதான்: ஒரு விசிறி விலகும் முன் மற்றது அந்த இடத்துக்கு வந்திருக்கவேண்டும். கைகள் எட்டு எண்ணை வரைந்தபடியே இருக்கும், நிற்காது. புதிதாகப் பழகுகிறவர்களைக் குளியலறைக் கண்ணாடி முன் தட்டுகளை வைத்துப் பழகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இரண்டு தட்டு போயிற்று. ஆமாம், நானும் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து பார்த்தேன். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

இதைப் பிரபலமாக்கியவர் சாலி ராண்ட். 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஆடி, பலமுறை கைதானார். பின்னணியில் டெபுஸியின் மென்மையான பியானோ இசை. உடம்போடு ஒட்டிய உடுப்போ வெள்ளைப் பூச்சோ பல நேரம் இருந்திருக்கிறது. ஆனால் கூட்டத்தில் ஒவ்வொருவனும் எதையோ பார்த்துவிட்டதாகச் சத்தியம் செய்தான்! அடுத்த வருஷம் விசிறிக்குப் பதில் ஐந்தடிப் பலூனைக் கொண்டுவந்தார். எழுபது வயதைத் தாண்டியும் ஆடினார்.

கட்டைவண்டி | செவ்வாய், இரவு 9:01

தட்டு உடைந்த கதையைச் சொல்லாமல் நிறுத்துவதும் போக்குக் காட்டுவதுதான். ஊசிநூல் அக்கா, தெரிந்தே செய்கிறீர்கள்.

நெறியாளர் | செவ்வாய், இரவு 9:20

இழை நன்றாகப் போகிறது, இப்படியே போகட்டும். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், காரணம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

ஒலிநாடா | புதன், காலை 7:02

சந்தேகப்பிராணி சொன்னதை டிரம்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தால், எனக்கும் சம்பளம் கொடுப்பது அந்த முதலாளிதான். ஆனால் அன்றைக்கு நான் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேனே, அந்த ஐந்து பீட் நேரம் அரங்கத்தில் யாருக்கும் யாரும் முதலாளி இல்லை. மது பரிமாறுகிறவர்கூடத் தட்டோடு அப்படியே நின்றார்.

சந்தேகப்பிராணி | புதன், பகல் 1:30

சரி, அந்த 1943 படத்தில் ஜிப்ஸி ரோஸ் லீ வரும் காட்சியைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது வேறு, அந்த அம்மா பாதி நேரம் கேலி செய்வது பார்க்க வந்தவர்களைத்தான். என் கேள்வி அப்படியே இருக்கிறது, அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் மைனா, அடுத்த தடவை போனால் எந்த வரிசையில் உட்காரலாம்? அடுத்த மாதம் லண்டன் வருகிறேன். சும்மா தகவலுக்குத்தான்.

மாடிவீட்டு மைனா | புதன், பகல் 1:44

முன்வரிசை வேண்டாம், இறகு மூக்கில் ஏறும். மூன்றாவது வரிசை ஓரம். அங்கிருந்து டிரம்ஸ்காரரின் முகமும் தெரியும்.

ஊசிநூல் | புதன், இரவு 10:15

மைனா, நீங்கள் முதல் பதிவில் சொன்ன வெள்ளைக் கையுறை இன்றைக்கு என் மேசைக்கு வந்திருக்கிறது. பச்சை சாட்டின் கவுன் என்றதுமே அவராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். விவரம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

என்னிடம் பழுதுபார்க்க வரும் கையுறைகள் எல்லாமே ஒரே இடத்தில்தான் விட்டிருக்கும், நடுவிரல் நுனித் தையலில். இதிலும் அங்கேதான். இரண்டு முன்பல் தடம், லிப்ஸ்டிக் கறை இல்லவே இல்லை. நுனியை இரட்டை நூலால் தைத்து, கால் அங்குலம் இன்னும் நீட்டிவிடச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.